எழுத வராத மாணவரோடு உட்காரும்போது

முதல் அசைன்மென்ட் கட்டு கைக்கு வந்ததுமே தெரிந்துவிடும். அதில் இரண்டு மூன்று தாள்கள் தனியாக நிற்கும். ஒன்று அரைப் பக்கத்தோடு முடிந்திருக்கும். இன்னொன்றில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முற்றுப்புள்ளியே இருக்காது. மூன்றாவது, கைடைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் இறக்கியது. 'படம் 4.2ஐப் பார்க்க' என்ற வரிகூட அப்படியே வந்திருக்கும், படத்தைத்தான் காணோம். இந்த அத்தியாயம் அந்தத் தாள்களுக்குச் சொந்தக்காரர்களைப் பற்றியது. டியூட்டராக இருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் தம்பியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்கும் பெரும்பகுதி உதவும்.

ஸ்டாஃப் ரூமில் இவர்களைப் பற்றி வழக்கமாக வரும் பேச்சு ஒன்று உண்டு: "அடிப்படையே இல்லை சார், நாம என்ன பண்ண முடியும்?" அடிப்படை இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு மேல் அந்தப் பேச்சால் பயன் இல்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. தாத்தாவும் அப்பாவும் கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் இந்த எண்ணுக்குப் பொருள். பள்ளியில் புக் பேக் கேள்விகளையும் ஒரு மார்க்கையும் மனப்பாடம் செய்து தேறி வந்தவர்கள் இவர்கள். சொந்தமாக ஒரு பத்தி எழுதும்படி பன்னிரண்டு வருடங்களில் இவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காததைச் செய்யத் தெரியவில்லை என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை.

இதே நிலை வேறு ஊர்களுக்கும் வந்திருக்கிறது. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், பள்ளி முடித்த எவருக்கும் இடம் என்று கதவைத் திறந்துவிட்டபோது, அதன் சிட்டி காலேஜில் பாடம் எடுத்த மினா ஷானசியின் மேசைக்கு வந்து சேர்ந்தவையும் இப்படிப்பட்ட தாள்கள்தான். அவர் சுமார் 4,000 தாள்களை எடுத்துவைத்து, எந்தப் பிழை எதனால் வருகிறது என்று வகைபிரித்தார். 1977இல் அது 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற நூலாக வந்தது. பிழைகள் கண்மூடித்தனமாக விழுவதில்லை, ஒவ்வொரு மாணவரும் தானே உண்டாக்கிக்கொண்ட ஏதோ ஒரு விதிப்படி தவறு செய்கிறார் என்பது அவர் கண்டது. தமிழில் எழுதும் நம் பிள்ளைகளின் தாளை அந்தக் கண்ணோடு பார்த்தால் இது உடனே விளங்கும். 'மற்றும்' என்ற சொல்லை வாக்கியத்துக்கு வாக்கியம் போடுகிற மாணவர் அதைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டார். அது வந்தால்தான் எழுத்து, இல்லையென்றால் பேச்சு என்று அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

சிக்கல் எங்கே என்று பார்ப்பது

உதவத் தொடங்குவதற்கு முன் மாணவர் எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். எழுதி முடித்த தாள் பாதியைத்தான் சொல்லும். முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான்கு வேலைகள் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம்.

அச்சில் இருக்கும் ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே அளவுக்கு இன்னொரு பத்தியை நீங்கள் படிக்க, அவர் கேட்டு எழுதட்டும். மூன்றாவதாக, ஏதாவது ஒரு பொருளைப் பற்றி வாயால் சொல்லச் சொல்லி, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். கடைசியில் அதே பொருளைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிக்கல் இருக்கும் இடம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பார்த்து எழுதுவதே ஆமை வேகத்தில் போய், இரண்டு வரிக்கு ஒருமுறை கையை உதறிக்கொண்டால் தடங்கல் கையில் இருக்கிறது. பார்த்து எழுதுவது சரியாக வந்து, கேட்டு எழுதும்போது ல, ள, ழவும் ன, ணவும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்படவில்லை. இரண்டும் சரி, பேச்சும் சரளம், சொந்தமாக எழுதச் சொன்னால் மட்டும் தாள் வெள்ளையாகவே இருக்கிறது என்றால் அது வேறு வகை. நம் கல்லூரிகளில் அதிகம் காண்பது இதைத்தான். வாயாலும் சொல்ல முடியவில்லை என்றால் அவருக்கு எழுத்தில் பிரச்சினை இருக்கிறதா என்றே இப்போது சொல்ல முடியாது. பாடத்தைப் படிக்காமல் இருக்கலாம், புரியாமல் இருக்கலாம், உங்களைக் கண்டு பயமாகவும் இருக்கலாம்.

எழுதும்போது மூளை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் சுமக்கிறது. என்ன சொல்வது, அதற்கு எந்தச் சொல், அந்தச் சொல்லுக்கு என்ன எழுத்து, அந்த எழுத்தைக் கையால் எப்படிப் போடுவது, சொல்ல வந்ததில் இன்னும் எவ்வளவு பாக்கி. பழகியவருக்கு எழுத்தும் கையும் சம்பந்தப்பட்ட வேலைகள் தாமாக நடக்கும். பழகாதவருக்கு 'பண்ணை'க்கு எந்த 'ண' என்று நின்று யோசிக்கும் இடைவெளியில் அடுத்து எழுத நினைத்தது கழன்று போய்விடும். "மனசுல இருக்கு சார், எழுத வரல" என்று மாணவர் சொல்வது சாக்கு இல்லை, நடப்பதைத்தான் சொல்கிறார். ஆகவே உதவி என்பது ஒரு நேரத்தில் ஒரு சுமையை மட்டும் அவர் தலையில் விட்டுவிட்டு மற்றதை நாம் தாங்கிக்கொள்வது. இந்த அத்தியாயத்தில் இனி வரும் எல்லா வழிகளும் இதையொட்டியவைதான்.

முதலில் வாய், பிறகு தாள்

ஒரு காட்சியை விரிவாகப் பார்ப்போம். எல்லா இளநிலைப் பட்டப் படிப்புக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்வித் தாளுக்கு அசைன்மென்ட். தலைப்பு, நிலத்தடி நீர்ப் பிரச்சினைகள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர், வெறும் தாளோடு டியூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன எழுதலாம்னு இருக்கேப்பா?"

"தெரியல சார். கைடுல பார்த்து எழுதிடட்டுமா?"

"கைடு கிடக்கட்டும். உங்க ஊர்ல தண்ணி எப்படி?"

"எங்க ஊர்லயா? உப்புத் தண்ணி சார்."

"எப்பவுமே உப்புதானா?"

"இல்ல சார், எங்க தாத்தா காலத்துல மணல்ல ரெண்டு முழம் தோண்டுனாலே நல்ல தண்ணி ஊறுமாம். இப்ப போர் போட்டாலும் உப்பாத்தான் வருது. எல்லாரும் மோட்டார் போட்டு இழுக்குறாங்க இல்ல, கடல் தண்ணி உள்ள வந்துருது. எறால் பண்ணை வந்தப்புறம்தான் ரொம்ப மோசம்னு அப்பா சொல்வாங்க."

அசைன்மென்டின் சாரம் இங்கேயே வந்துவிட்டது: முன்பு இருந்த நிலை, இப்போதைய நிலை, இரண்டு காரணங்கள். இதில் ஆசிரியர் சேர்த்தது எதுவும் இல்லை, கேட்டதோடு சரி. இந்த இடத்தில் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாணவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு துண்டுத் தாளில் குறித்துக் காட்டுவது. 'மணல் – நல்ல தண்ணி', 'இப்ப உப்பு', 'மோட்டார்', 'எறால் பண்ணை'. நான்கே குறிப்புகள். "இதுல எது முதல்ல வரணும்னு நீயே நம்பர் போடு" என்று தாளை நகர்த்திவிட்டால், எதை எழுதுவது என்ற சுமை இறங்கிவிடும்.

பிறகு மாணவர் எழுதுகிறார்:

'எங்கள் ஊரில் முன்பு மணலில் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும் இப்போது போர் போட்டால் உப்பு தண்ணீர் வருது இதற்கு காரணம் எல்லாரும் மோட்டார் போட்டு தண்ணீர் எடுப்பதால் மற்றும் இறால் பண்னைகள் வந்ததால் கடல் தண்ணீர் உள்ளே வந்து மக்கள் பாதிக்கப்படுகிறது'

சிவப்புப் பேனா இருந்தால் இந்த ஒரு பத்தியில் எட்டு இடத்திலாவது வட்டம் போடலாம். முற்றுப்புள்ளி இல்லை, ஒற்று விடுபட்டிருக்கிறது, 'வருது' பேச்சு வழக்கு, 'பண்னை' தவறு, 'காரணம்' என்று தொடங்கி 'ஆல்' என்று முடிகிறது, 'மக்கள்' என்பதற்கு 'படுகிறது' வராது. எட்டையும் வட்டம் போட்டுக் கொடுத்தால் அவர் ஒன்றையும் கற்றுக்கொள்ள மாட்டார். தனக்கு எழுத்து வராது என்பது உறுதிப்பட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்வார். முன்பு, இப்போது, காரணம், விளைவு என்ற வரிசை இதில் ஒழுங்காக இருக்கிறது. அதை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாராட்டு என்பதற்காக இல்லை. தாம் செய்ததில் எது சரி என்பது அவருக்கே தெரியாது, தெரிந்தால்தான் அடுத்த முறையும் அதைச் செய்வார்.

அன்றைக்குத் திருத்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது முற்றுப்புள்ளி. விதியெல்லாம் சொல்ல வேண்டாம். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் போதும். 'வரும்' என்ற இடத்தில் குரல் தானாக இறங்கும். "அங்க நிக்குது பாரு, புள்ளி வை." இரண்டாவது, வினைமுற்று. "பாதிக்கப்படுறது யாரு? மக்கள். அப்ப எப்படி முடியணும்?" பேச்சில் பெரும்பாலும் 'ஜனங்க கஷ்டப்படுறாங்க' என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஞானம் அவரிடம் இருக்கிறது, தாளைக் கண்டதும் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

வாக்கியங்களைப் பிரித்து எழுதும்போது வேறு சில பிழைகளும் சேர்ந்து சரியாகிவிடும். திருத்தி எழுதியது இப்படி வரலாம்:

'எங்கள் ஊரில் முன்பு மணலில் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும். இப்போது போர் போட்டால் உப்பு தண்ணீர் வருகிறது. எல்லாரும் மோட்டார் போட்டு நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். அதனால் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. இறால் பண்ணைகள் வந்ததும் ஒரு காரணம். குடிக்கவும் பயிருக்கும் நல்ல தண்ணீர் இல்லாமல் மக்கள் பாதிக்கப்படுகிறார்கள்.'

'உப்பு தண்ணீர்' இன்னும் ஒற்று இல்லாமல்தான் இருக்கிறது. இருக்கட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது செய்ய வேண்டியது வேறு. பாடப்புத்தகத்தைத் திறந்து, "நீ எழுதியிருக்கிறதுக்கு இங்க ஒரு பேர் இருக்கு பாரு" என்று 'கடல்நீர் உட்புகுதல்' என்ற தொடரைக் காட்டுவது. மண்ணுக்கடியில் நன்னீர் குறையும்போது அந்த இடத்துக்கு உப்புநீர் ஏறிவருகிறது என்ற விளக்கத்தைப் புத்தகத்திலிருந்து அவரே படித்து, தம் பத்தியில் ஒரு வரி சேர்க்கட்டும். தாம் பார்த்ததும் புத்தகம் சொல்வதும் ஒன்றுதான் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் கைடின் மேலிருக்கும் பிடி தளரும். எல்லாத் தலைப்புக்கும் ஊர்க் கதை கிடைக்காது என்பது சரிதான். காஸ்ட் அக்கவுண்டிங்குக்கு எங்கே போவது? அங்கும், "இந்தப் பாடத்தை உன் ஃப்ரெண்டுக்கு எப்படிச் சொல்வே?" என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டு தொடங்கலாம்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

தமிழில் எழுதுபவருக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. வீட்டில் நாளிதழும் புத்தகமும் புழங்கினால் எழுத்துத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டுமே இருக்கும் பாஷை. நினைப்பதையும் மாற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் இரண்டும் கெடும். ஆகவே இரண்டு சுற்றாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் சுற்றில் பேசுவது போலவே எழுதட்டும். 'போட்டாங்க', 'வந்துச்சு', 'அதனாலதான்' எல்லாம் வரலாம். இதற்கு ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டாவது சுற்றில் வேறு நிற மையில், வேறு எதையும் தொடாமல் வினைகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். போட்டார்கள், வந்தது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து என்று தாமே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். முப்பது நாற்பது சொல் சேர்ந்ததும், திரும்பத் திரும்ப வருவது அவைதான் என்று அவரே கண்டுகொள்வார்.

கை மெதுவாக இருப்பவர்களுக்கு முதல் சுற்றை போனுக்கு மாற்றலாம். ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது, பேசினால் எழுத்தாகும். வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு நூறு செய்தி தட்டும் பிள்ளைதான் 'எனக்கு எழுத வராது' என்கிறார். தட்டுவது ஆங்கில எழுத்தில் தமிழ், அதனால் அதை அவர் எழுத்தாகக் கணக்கில் வைப்பதில்லை. நீங்கள் வைக்கலாம். எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி என்று இணையத்தில் தமிழ்ப் பிழைதிருத்திகள் இருக்கின்றன. அவை காட்டும் எல்லாமே சரி என்று இல்லை. கடைசிச் சுற்றில் மட்டும் பயன்படுத்தினால் நல்லது. எழுதும்போதே திறந்துவைத்தால் பழையபடி ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவார்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஆசிரியர்கள் நிறையப் பயப்படுகிறார்கள். சாட்ஜிபிடி வருவதற்கு முன்பும் ரெக்கார்ட் நோட்டை அக்கா எழுதினாள், அசைன்மென்டை ஹாஸ்டல் நண்பன் எழுதினான், புராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கினார்கள். பயிற்சி மாணவரின் கையைவிட்டுப் போகிறது என்பதுதான் அப்போதும் இப்போதும் பிரச்சினை. தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள். முதல் வரைவு கையெழுத்தில், உங்கள் கண்முன்னால் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அதற்குப் பிறகு, 'என் பத்தியில் எது புரியவில்லை, என்னிடம் ஐந்து கேள்வி கேள்' என்று அந்தச் செயலியிடம் கேட்கப் பழக்கிவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் அது பொறுமையான துணை.

ஆங்கில வழியில் படிப்பவர்

ப்ளஸ் டூ வரை தமிழ் வழி, கல்லூரியில் திடீரென்று ஆங்கில வழி. இவர்களில் பலருக்கு எழுத்துச் சிக்கலே கிடையாது, மொழிச் சிக்கல்தான். மேலே சொன்ன நான்கு வேலைகளையும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். தமிழில் நன்றாக வந்தால் அவரைக் கையெழுத்துப் பயிற்சியிலும் இலக்கணத்திலும் போட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

பாடம் ஆங்கில வழியில் இருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில், உங்கள் பாடத்துக்கு என்ன நடைமுறை என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் விதி வேறாக இருக்கலாம். தமிழில் எழுத முடிவு செய்தால் கலைச்சொல்லுக்கு அரசின் 'சொற்குவை' தளமும், பழைய பாடநூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கைகொடுக்கும்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் குறிப்பைத் தமிழில் போடட்டும், வரிசையைத் தமிழில் முடிவு செய்யட்டும், அதற்கப்புறம் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றட்டும். பாடப்புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் வாக்கிய அமைப்புகளில் பத்துப் பன்னிரண்டை மட்டும் பிரித்தெடுத்து மனத்தில் இருத்தினால் ஐந்து மார்க் கேள்விக்கு விடை எழுதிவிடலாம். முழுப் பத்தியை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பத்தி மனப்பாடத்தில் ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும்.

எவ்வளவு முயன்றும் கை வராதபோது

சில மாணவர்களுக்கு இந்த வழிகள் எதுவும் வேலைசெய்யாது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக வந்து உட்காருவார், நன்றாகப் பேசுவார், தாளில் மட்டும் எழுத்துகள் உடைந்து, ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பார்த்து எழுதும்போதே வரி விட்டுப்போகும். அப்போது டிஸ்கிராஃபியா, டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். முடிவு செய்வது மருத்துவரும் உளவியலாளரும். நம் வேலை அனுப்பிவைப்பது. சோம்பேறி, அக்கறை இல்லாதவன் என்ற பெயரோடு பள்ளியைக் கடந்து வந்தவர்கள் இவர்களில் ஏராளம். "உனக்குக் குறை இருக்கிறது" என்று தொடங்கினால் அடுத்த நாள் வர மாட்டார். "உன் பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறதே, ஏன் என்று சொல்லத் தெரிந்தவங்க இருக்காங்க, கேட்டுப் பார்ப்போமா?" என்று கேட்கலாம். முதலில் பெற்றோருக்குப் போன் போடாதீர்கள், மாணவரிடம் பேசுங்கள். பதினெட்டு வயது ஆனவர் அவர்.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர்களுக்கு, எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். சொல்வதை எழுதுபவர், அதாவது ஸ்க்ரைப், வைத்துக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. 40க்குக் குறைந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று பல அலுவலகங்களில் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்ட வழக்கில், 40 விழுக்காடு என்ற வரம்பை வைத்து அதை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் இவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலும் வந்தது. எழுதுவதில் தடை உண்டு என்று உரிய மருத்துவ அதிகாரி சான்றளிக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும்போது நடப்பில் இருப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்பதுதான் மாணவர் கேட்கும் முதல் கேள்வி. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவும், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பெரும்பாலும் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் தொடங்குமிடங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டிலுள்ள தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனமும், மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ பொதுத் தேர்வில் சலுகை பெற்றிருந்தால் அந்த உத்தரவின் நகலைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பாதி வேலை முடியும். சான்று கைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் அந்த செமஸ்டருக்குக் கிடைக்காது.

ஸ்க்ரைப் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. எங்கே பத்தி பிரிப்பது, எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு, எழுதுபவர் பின்தங்கும்போது எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பழகாமல் வராது. இன்டர்னல் தேர்வுகளிலேயே அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கி, பழகவிடுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. வகுப்பறையில் கைப்பலகை வைத்த நாற்காலிகளில் பெரும்பாலும் பலகை வலது பக்கம்தான். இடது கைக்காரர் உடம்பை முறுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் எழுதுகிறார், கடைசிப் பக்கம் கோழி கிளறியது போல இருக்கிறது. தேர்வு அறையில் ஒரு மேசை கேட்டு வாங்கிக் கொடுத்தாலே கையெழுத்து நேராகிவிடும் மாணவர்கள் உண்டு.

தேர்வு அறைக்கு

பக்கம் பக்கமாக நிரப்பினால்தான் மார்க் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். எழுதச் சிரமப்படுபவருக்கு இதைவிடக் கெட்ட ஆலோசனை கிடையாது. பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதவையுங்கள். முழு விடை வேண்டாம். இருபது கேள்வி, இருபது வாக்கியம். கேள்வியில் இருக்கும் சொல்லை எடுத்தே அந்த வாக்கியத்தைத் தொடங்கலாம். தொடங்கத் தெரியாமல் பதினைந்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருவது இதனால் நின்றுவிடும். அடுத்த வாரம் அதே கேள்விகளுக்கு சைடு ஹெட்டிங் மட்டும். மூன்றாவது வாரத்தில்தான் கடிகாரம் வைத்து, பத்து மார்க் கேள்வி ஒன்றை முழுதாக. நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லி, அடுத்த கேள்விக்குப் போகப் பழக்குங்கள். ஒரு விடையை அழகாக முடிப்பதற்காக இரண்டு விடையைக் கோட்டைவிடுவதால் அரியர் வைப்பவர்கள் நிறைய.

வாரத்துக்கு ஒரு முறை, நாற்பது நிமிடம், ஒரே நாளில் ஒரே நேரத்தில் என்று வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டருக்குள் மாற்றம் தெரியும். நடுவில் ஒருநாள் வராமல் போவார். பெரும்பாலும் இன்டர்னல் மார்க் வந்த மறுநாள் அது நடக்கும். மார்க் ஏறியிருக்காது. அப்போது அவருடைய முதல் நாள் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிட நல்ல பேச்சு கிடையாது, அதனால் முதல் நாள் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள்.

நீங்கள் சொல்வதற்கு முன்பே முற்றுப்புள்ளிகளைத் தாமே வைத்து, வினைகளைத் தாமே மாற்றி, திருத்திய தாளோடு வரத் தொடங்கினால் சந்திப்பை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிடலாம். விட்டுவைத்த ஒற்றுப்பிழைகளை இப்போது எடுக்கலாம்.